இருட்டறையில் விளக்கேற்றுகிறவர்கள்

"ஸர்வர்" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, தோளில் துண்டும் கையில் நாலு டம்ளர் காப்பியுமாக மேஜைக்கு மேஜை ஓடும் ஹோட்டல் ஸர்வர்தான். 1964-ல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் நினைவு வராது. ஆனால் இன்று புதுச்சேரியில், லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு தாயார், "எங்கள் பெண் ஸர்வர் வேலை பார்க்கிறாள்" என்று பெருமையாகச் சொன்னால், எதிர் வீட்டு அம்மாள் "எந்த ஹோட்டலில்?" என்று கேட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையில் இரண்டு ஸர்வருக்கும் தொழில் ஒன்றுதான். கேட்டதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நாம் செல்போனில் ரெயில் டிக்கெட் வாங்குகிறோம். மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம். அக்கா மகளின் நிச்சயதார்த்தப் புகைப்படத்தைப் பார்க்கிறோம். இவ்வளவையும், எங்கோ ஒரு பெரிய கூடத்தில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் எடுத்துக் கொடுக்கின்றன. அவைதான் ஸர்வர்கள். சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இவற்றைச் சொந்தமாக வாங்கி வைத்துப் பராமரிக்க முடியாத கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. "யந்திரமும் உங்களுடையது, அதைப் பார்த்துக்கொள்ளும் தலைவலியும் உங்களுடையது, மாதம் பிறந்தால் பணம் கொடுத்துவிடுகிறோம்" என்கிற ஏற்பாட்டுக்கு 'மானேஜ்டு ஸர்வர்' என்று பெயர்.

அந்தத் தலைவலியைத்தான் நம் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் சம்பளத்துக்கு வாங்கிக்கொள்கிறார்கள். யந்திரம் கடலுக்கு அப்பால் இருக்கும். பார்த்துக்கொள்கிறவர் கடற்கரைச் சாலைக்கு இப்பால் இருப்பார். அதிலே மிகவும் சாமர்த்தியமான வேலை எது என்று கேட்டால், உயிரில்லாமல் கிடக்கும் யந்திரத்துக்கு இங்கிருந்தபடியே உயிர் கொடுப்பதுதான்.

வீடு கட்டினால் போதுமா?

புத்தம் புதிய ஸர்வர் வெறும் வீடு மாதிரி. சுவர் உண்டு, குழாய் உண்டு, பரண் உண்டு, குடித்தனம் இல்லை. யார் முதலில் குளிப்பது, எந்தச் சாமான் எந்தப் பரணில், யாருக்கு எத்தனை தோசை, வாசலில் நிற்பவரை உள்ளே விடலாமா கூடாதா என்பதையெல்லாம் தீர்மானிக்க ஓர் இல்லத்தரசி வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டருக்குள் அந்தப் பொறுப்பை ஏற்கிற புரோகிராமுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். தமிழில் 'இயங்குதளம்' என்கிறார்கள்.

ஸர்வர்களில் அதிகம் குடியிருப்பது லினக்ஸ் என்கிற இயங்குதளம். 1991-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் இதை எழுத ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டதால் உலகமெங்கும் பரவியது.

சரி, குடியேற்றுவது எப்படி? அங்கேதான் சிக்கல்.

உள்ளே தாழ்ப்பாள்!

ஓடிக்கொண்டிருக்கும் ஸர்வருக்குள் புதுச்சேரியிலிருந்து நுழைவது கஷ்டமில்லை. பெயரையும் ரகசியச் சொல்லையும் சொன்னால், உள்ளேயிருக்கும் இயங்குதளம் கதவைத் திறந்துவிடும். ஆனால் இயங்குதளமே இல்லாத யந்திரத்தில் கதவைத் திறப்பது யார்? வீட்டுக்குள் ஆள் போனால்தான் தாழ்ப்பாளைத் திறக்க முடியும். தாழ்ப்பாளைத் திறந்தால்தான் ஆள் உள்ளே போக முடியும்!

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழிதான். பிளாப்பியோ ஸி.டி.யோ கையில் எடுத்துக்கொண்டு யாராவது நேரில் போக வேண்டும். 1995-ல் வந்த 'விண்டோஸ் 95' இயங்குதளத்தைப் பிளாப்பியில் வாங்கினால் பதின்மூன்று தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் செருகி, "அடுத்ததைப் போடு" என்று யந்திரம் கேட்கும்போதெல்லாம் போட வேண்டும். பன்னிரண்டாவது தகடு பழுதாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து! ஆயிரம் யந்திரங்கள் உள்ள கூடத்தில் இது நடக்கிற காரியமா?

"நான் யார்?" என்று கேட்கும் யந்திரம்

முதல் உபாயம் அழகானது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வலைக் கம்பியைச் செருகும் இடத்தில் உள்ள சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற சீட்டைப் போல. மின்சாரம் வந்ததும், வேறு எதுவும் தெரியாத அந்த யந்திரம், "என் எண் இது, நான் யார்? என் விலாசம் என்ன?" என்று கம்பி வழியே கூவும். அதே கூடத்தில் இதற்கென்றே காத்திருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர், "குழந்தாய், உன் விலாசம் இது, இந்தச் சின்னப் புரோகிராமை வாங்கிக்கொள்" என்று பதில் சொல்லும். சின்னது பெரியதைக் கூப்பிடும். பெரியது முழு இயங்குதளத்தையும் கொண்டுவந்து இறக்கும்.

இப்படி விசாரித்து விழித்துக்கொள்வதற்கான விதிமுறை 1985-லேயே எழுதப்பட்டது. 1990-களின் கடைசியில் இன்டெல் கம்பெனி இதை ஒழுங்குபடுத்தி 'பி.எக்ஸ்.ஈ.' என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்றும் பெரிய கூடங்களில் இதுதான் நடக்கிறது.

ஆனால் இயங்குதளத்தைப் பதியும்போது யந்திரம் ஆயிரம் கேள்வி கேட்குமே? எந்த மொழி, எந்த ஊர் நேரம், தட்டை எத்தனை பாகமாகப் பிரிப்பது, ரகசியச் சொல் என்ன? கல்யாண வீட்டில் சமையற்காரர் ஒவ்வொன்றுக்கும் எஜமானியம்மாளைத் தேடிக்கொண்டு வராமலிருக்க, முன்கூட்டியே பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுகிறோம் அல்லவா? அதே போல எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதிய ஒரு சீட்டைத் தயார் செய்து வைத்துவிடுகிறார்கள். ரெட் ஹாட் வகை லினக்ஸில் அதற்குக் 'கிக்ஸ்டார்ட்' என்று பெயர். டெபியன் வகையில் 'பிரிசீட்'. சீட்டு சரியாக இருந்தால் ஒரு யந்திரமானாலும் ஒன்றுதான், நூறு யந்திரமானாலும் ஒன்றுதான்.

தூங்காத காவல்காரன்

இரண்டாவது உபாயம் இன்னும் விசித்திரமானது. ஒவ்வொரு நல்ல ஸர்வருக்குள்ளும், அதன் பெரிய பலகையின் ஒரு மூலையில், இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குத் தனி மூளை, தனி ஞாபகம், பெரும்பாலும் தனிக் கம்பியும் உண்டு. பெரிய யந்திரத்தை அணைத்துவிட்டாலும் அது தூங்காது. மின்சார இணைப்பு இருக்கும் வரை விழித்திருக்கும். 'பி.எம்.ஸி.' என்று மூன்றெழுத்தில் அதைக் குறிப்பிடுகிறார்கள். அதனுடன் பேசுவதற்கான பொது விதிகளை 1998-ல் இன்டெல், ஹ்யூலெட் பாக்கார்டு, டெல், என்.ஈ.ஸி. ஆகிய நான்கு கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்டன.

இந்தக் காவல்காரனிடம் புதுச்சேரியிலிருந்து சொன்னால், பெரிய யந்திரத்தை எழுப்பும், அணைக்கும். உஷ்ணம் எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்லும். ஸர்வரின் திரையில் என்ன தெரிய வேண்டுமோ அதை அப்படியே இங்கே காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லாத ஸி.டி.யை இருப்பதாகக் காட்டி யந்திரத்தை நம்ப வைத்துவிடும்! அங்கே மனிதர் இல்லை, விளக்குக்கூட வேண்டாம். அதனால்தான் இந்த முறைக்கே ஆங்கிலத்தில் 'விளக்கணைத்த நிர்வாகம்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது.

கப்பல் வரும் வரை காத்திருந்த ஊர்

டூப்ளே துரையின் காலத்தில் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்கு ஓர் உத்தரவு வரக் கப்பலில் மாதக் கணக்காகும். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் எந்தக் கப்பல் வந்தது, என்ன கடிதம் வந்தது என்பதைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார். 1754-ல் டூப்ளேயைப் பதவியிலிருந்து இறக்கிய உத்தரவும் கொதே என்பவருடன் கப்பலில்தான் வந்து இறங்கியது.

இன்று நமது உத்தரவு பிரான்ஸுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போகிறது. ஆனால் பூமி சுற்றுவதை யாரும் மாற்ற முடியாது. ஸர்வரைப் புதுப்பிப்பதென்றால் அதன் வாடிக்கைக்காரர்கள் தூங்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் பிரான்ஸின் கடிகாரம் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் பின்னே இருக்கிறது. அங்கே இரவு ஒரு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வேளை. நியூயார்க்கில் இரவு இரண்டு மணி என்றால், அதே குளிர்காலத்தில் இங்கே பகல் பன்னிரண்டரை. ஆகவே உங்கள் வீட்டுப் பெண் சாப்பாட்டு வேளையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு அது நடுநிசி!

அரிசி மூட்டை எங்கே?

வேலை ஆரம்பித்தாகிவிட்டது. பாதியில் புதுச்சேரியில் மின்சாரம் போய்விட்டால்?

போகாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலை மறந்துவிட்டோமா? 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய 'ஃபெஞ்சல்' புயல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டித் தெருவெல்லாம் வாய்க்காலாக்கியது. அப்போது இன்டர்நெட் எங்கே, மின்சாரம் எங்கே?

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இயங்குதளம் முழுவதையும் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, அதைக் கடல் கடந்து பிடி பிடியாக அனுப்பினால், கம்பி அறுந்த மறு நிமிஷம் வேலையும் அறுந்துபோகும். ஆகையால் அரிசி மூட்டையை முதலிலேயே அந்த ஊர்ச் சமையலறையில் இறக்கிவிட வேண்டும். "அடுப்பை மூட்டு" என்ற உத்தரவு மட்டும் இங்கிருந்து போனால் போதும். அதே போல, நீண்ட வேலையை 'ஸ்க்ரீன்', 'டீமக்ஸ்' போன்ற புரோகிராம்களின் மடியில் உட்கார்த்தி வைத்துவிட்டால், இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் போய் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நெஞ்சு படபடக்கும் ஐந்து நிமிஷம்

இந்த வேலையில் இரண்டு இடங்களில் நெஞ்சு படபடக்கும். ஒன்று, தட்டை அழிக்கும் இடம். புது இயங்குதளத்தைப் போடுமுன் பழையதைத் துடைக்க வேண்டும். துடைப்பது சரியான யந்திரம்தானா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற பெரிய கம்பெனியில் ஒரு பொறியாளர், அழிக்க வேண்டிய ஸர்வர் என்று நினைத்து, பக்கத்தில் திறந்து வைத்திருந்த மூல ஸர்வரின் தகவலை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் கையை எடுத்தும் பயனில்லை. சுமார் 300 ஜி.பி. தகவலில் மிஞ்சியது நாலரைதான். காப்பு எடுத்து வைக்க அங்கே பல ஏற்பாடுகள் இருந்தன. சமயத்தில் பார்த்தால் அவை சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாகக் கிடைத்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். அந்தக் கம்பெனி எதையும் மறைக்காமல் உலகத்துக்கே சொன்னதால், மற்றவர்கள் இன்றும் அதிலிருந்து பாடம் படிக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாம் முடிந்து யந்திரத்தை அணைத்துத் திறக்கும் இடம். பெரிய ஸர்வர் தன் ஞாபகச் சில்லுகளையெல்லாம் சோதித்துக்கொண்டு எழுந்திருக்கப் பல நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை எந்தச் சத்தமும் வராது. விலாசத்தில் ஓர் எண் பிசகியிருந்தால், யந்திரம் உள்ளே சௌக்கியமாக உயிரோடு இருக்கும். நமக்கு மட்டும் எட்டாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரசவச் செய்திக்குக் காத்திருப்பவர்களின் முகத்தை அப்போது பார்க்கலாம்.

இரண்டாவது கதவு

ஆகவே இந்தத் தொழிலின் முதல் விதி: ஒரு கதவை மூடுமுன் இன்னொரு கதவு திறந்திருக்கிறதா என்று பார்.

2021 அக்டோபர் 4 அன்று இரவு நம் வீடுகளில் வாட்ஸ்அப் திடீரென்று ஊமையானது நினைவிருக்கிறதா? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஓர் உத்தரவு, பேஸ்புக் கம்பெனியின் ஸர்வர் கூடங்களை உலகத்திலிருந்தே துண்டித்துவிட்டது. தூரத்திலிருந்து உள்ளே போகும் பாதையும் அதோடு போய்விட்டது. மாற்றுப் பாதையும் அடைபட்டது. கடைசியில் ஆட்கள் நேரில் போய்ச் சரிசெய்ய சுமார் ஆறு மணி நேரமாயிற்று.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் பிழையான புரோகிராம் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரை காட்டி நின்றன. நம் தேச விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இயங்குதளமே எழாததால், பல இடங்களில் ஒவ்வொரு யந்திரத்தின் முன்பும் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. தூங்காத காவல்காரன் இருந்த ஸர்வர்களை இருந்த இடத்திலிருந்தே எழுப்ப முடிந்தது.

ஆனால் காவல்காரனிடம் சாவிக்கொத்து முழுவதும் இருக்கிறதே! திருடன் அவனைக் கைக்குள் போட்டுக்கொண்டால்? 2013-லேயே அமெரிக்க அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவு இதைப் பற்றி எச்சரித்தது. 2018-ல் இந்த வழியே புகுந்து, தகவலைப் பூட்டி வைத்துப் பணம் பறித்தவர்களும் உண்டு. பல யந்திரங்களில், தொழிற்சாலையில் வைத்த ரகசியச் சொல்லை வாங்கியவர்கள் மாற்றவே இல்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி! இந்த விபரீதத்தைத் தடுக்க, 2020 ஜனவரி 1 முதல் கலிபோர்னியா மாகாணத்தில் சட்டமே வந்தது.

சகோதரிகளே, இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கு வந்த நாளன்று இருந்த ரகசியச் சொல்லேதான் இன்னும் இருக்கிறதா? இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

காப்பு யார் பொறுப்பு?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவினர் உண்டு. ஸ்ட்ராஸ்பூர் என்ற ஊரின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்குப் பிறகு அங்கே ஓ.வி.எச். கம்பெனியின் ஐந்து மாடி ஸர்வர் கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரிந்து சாம்பலாயிற்று. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் எத்தனையோ கடைகளின் கணக்கு, பத்திரிகைகளின் பக்கங்கள், பல பேருடைய வருஷக்கணக்கான உழைப்பு எல்லாம் ஒரே இரவில் மறைந்தன. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் புது யந்திரம் வாடகைக்கு எடுத்து, தூரத்திலிருந்தே இயங்குதளத்தைப் பதிந்து, நகலை இறக்கிக்கொண்டு மறுபடி கடை திறந்தார்கள். "வாடகை கொடுக்கிறோமே, நகலும் அவர்கள்தானே எடுத்திருப்பார்கள்?" என்று இருந்தவர்களில் பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

வீட்டிலிருந்தே புடவை வியாபாரமோ ஊறுகாய் வியாபாரமோ நடத்தும் பெண்கள் இன்று எத்தனை பேர்! உங்கள் கணக்கும் ஏதோ ஒரு ஸர்வரில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் "பராமரிப்பு எங்களுடையது" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நகல் எடுப்பது யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, அது எந்த ஊரில் இருக்கிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்டு விடுங்கள். நாலாவது கேள்வி: அந்த நகலைத் திரும்ப இறக்கிப் பார்த்திருக்கிறார்களா?

பெண்களால் முடியுமா?

வாயேஜர்-1 என்ற விண்கலம் 1977 செப்டம்பர் 5 அன்று புறப்பட்டது. 2023 நவம்பரில் அதன் பேச்சு குழறியது. ஞாபகச் சில்லு ஒன்று கெட்டுவிட்டது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஓர் உத்தரவு போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். நேரில் போகவும் முடியாது, காவல்காரனும் கிடையாது. கெட்ட இடத்தில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, காலியாக இருந்த மூலைகளில் ஒளித்து வைத்து, 2024 ஏப்ரல் 18 அன்று உத்தரவை அனுப்பினார்கள். 20-ந் தேதி தெளிவான பதில் வந்தது! அந்தத் திட்டத்துக்கு அப்போது தலைமை மானேஜராக இருந்தவர் ஸூஸன் டாட் என்ற பெண்மணி.

கற்றுக்கொள்ளப் பெரிய செலவு வேண்டாம். பரணில் கிடக்கும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களும் ஒரு கம்பியும் போதும். டெபியன் லினக்ஸ் இலவசம். அதை ஆதாரமாகக் கொண்டு சென்னையில் ஸி-டாக் நிறுவனம் தயாரித்து 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸில் தமிழும் உண்டு. கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கும் இயக்கத்தாரும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். ஒரு யந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இயங்குதளத்தைப் பதிந்து பழகலாம். தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். வீட்டு யந்திரம் கோபித்துக்கொள்ளாது.

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். விடியற்காலையில் உங்கள் பெண் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தால், "என்னடி, பேய் அறைந்தது மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். எங்கோ ஓர் இருட்டுக் கூடத்தில் ஒரு யந்திரம் எழுந்திருப்பதற்காகக் காத்திருக்கிறாள். காப்பியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கீபோர்டிலிருந்து கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.